பிளிண்டர்ன் யந்திரமும் மண்டலங்களின் சங்கமமும்

வானத்தை அறியத் தொலைநோக்கியே முதற்சாதனம் என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், கணிதத்தையே பிரதானக் கருவியாகக் கொண்டு, ராக்கஃபெல்லர் அறநிதியின் கொடையால் 1934இல் ஆஸ்லோ நகரின் பிளிண்டர்ன் பகுதியில் எழுந்த வானபௌதிக நிலையத்தின் சரித்திரம், நட்சத்திரங்களின் பிறப்பை ஆராய்வோர் மறக்கலாகாத ஒன்று. அதை நிறுவிய ஸ்வைன் ரோஸ்ஸலாண்ட், கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் பணிபுரிந்தவர். நம் மேகநாத சாஹாவின் ஆராய்ச்சி வானபௌதிகத்துக்கு அளித்த உத்வேகத்தைத் தம் 1936ஆம் ஆண்டு நூலில் மனமாரப் போற்றியவர்.

நட்சத்திரங்களின் உள்ளமைப்பைக் கூறும் சமன்பாடுகள் கையால் போட்டுத் தீராதவை ஆதலால், அமெரிக்காவில் வான்னெவர் புஷ் அமைத்ததைப் பின்பற்றி, 12 தொகையீட்டு உறுப்புகள் கொண்ட கணித யந்திரம் ஒன்றை அவர் 1938இல் இயங்கச் செய்தார். சுழலும் தட்டின்மேல் சிறு சக்கரம் ஒன்று உருளும். மையத்திலிருந்து அது விலக விலக அதன் வேகம் கூடும். சுழற்சியின் மொத்தமே கணக்கின் விடை. 1940இல் ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியபின், யந்திரம் பகைவருக்குப் பயன்படலாகாதென்று அந்த நுண்சக்கரங்களைக் கழற்றிப் பொட்டலம் கட்டி, நிலையத்தின் பின்புறத்தே மண்ணில் புதைத்துவிட்டு, 1941இல் அவர் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். ஒரு விஞ்ஞானியின் தேசபக்திக்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

அதே 1941இல், அண்டை நாடான ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக் ஹோல்ம்பெர்க், கணக்கைக் கருவியிடம் ஒப்படைக்கும் அதே துணிபுடன், இரு நட்சத்திர மண்டலங்கள் நெருங்கினால் நேர்வதென்ன என்று ஆராய, மண்டலத்துக்கு 37 வீதம் 74 மின்விளக்குகளைப் பரப்பினார். ஒளியும் ஆகர்ஷண சக்தியும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகவே குறைவதால், ஒளிமின்கலம் காட்டிய அளவே ஈர்ப்பின் அளவாயிற்று. மண்டலங்கள் உருக்குலைந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளக்கூடும் என்று அச்சோதனை உணர்த்தியது. 1972இல் டூம்ரே சகோதரர்கள் மின்னணுக் கணிப்பொறியால் அதை மேலும் விளக்கினர்.

ஆயினும் விளக்குகள் நட்சத்திரங்களுக்குத்தான் பிரதிநிதி; வாயுவுக்கு அல்ல. நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டாமல் ஊடுருவிச் சென்றுவிட, வாயு மேகங்களோ மோதி, அமுக்குண்டு, குளிர்ந்து, சிற்றிடத்தில் லட்சக்கணக்கான நட்சத்திரங்களை ஒருங்கே பிறப்பிக்கின்றன. அவ்விதம் பிறந்த இளங்கொத்துகளை, காக்கை விண்மீன் குழுவின் திசையிலே இணைந்துகொண்டிருக்கும் ஆண்டெனா மண்டலங்களில் 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி ஆயிரத்துக்கு மேல் காட்டியது. பெரும்பாலானவை விரைவில் கலைந்துவிடும். கனத்த சிலவோ நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் நிலைத்து, நம் பால்வீதியைச் சூழ்ந்துள்ள கோளக் கொத்துகளைப் போலாகும் என்பது அறிஞர் கருத்து.