ஒரு மாணவர் அவிழ்த்துவிட்ட புழு

கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ‘இல்லேன்னா வைரஸ் வந்துடும்டா’ என்று நம்ம பேட்சில் ஒருவன் சொன்னதை நம்பியவர்களில் அடியேனும் ஒருவன்! அது உண்மையில் எந்த வழியாக வரும் என்று உலகுக்குக் காட்டியவரும் ஒரு கல்லூரி மாணவர்தான்.

1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், எம்.ஐ.டி. கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து இன்டர்நெட்டில் ஒரு புரோகிராமை அவிழ்த்துவிட்டார். அது எதையும் அழிக்கவில்லை. தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டே போயிற்று. ‘ஏற்கெனவே வந்தாச்சு’ என்று மெஷின் சொன்னாலும், ஏழில் ஒரு தடவை கேட்காமல் உட்கார்ந்துகொள்ளும்படி எழுதியிருந்தார். அதுதான் வினை. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் திணறிப்போயின.

புகுந்த வழியைக் கேளுங்கள். சென்ட்மெயில், ஃபிங்கர் புரோகிராம்களில் அடைக்காமல் விட்ட ஓட்டைகள், அப்புறம் பாஸ்வேர்டு. ஆளின் பெயர், அதையே திருப்பிப் போட்டது, கையோடு கொண்டுவந்த 432 சொற்கள். இவ்வளவுதான் சாவிக்கொத்து! ‘எந்த ஆன்டிவைரஸ்டா நல்லது?’ என்று போன் போடும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, அப்டேட் போட்டாயிற்றா, பாஸ்வேர்டு என்ன லட்சணம் என்பதைத்தான். (பேத்தி பெயரை நானே போன வாரம்தான் மாற்றினேன்.)

அதே மாதம் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசரக் குழு பிறந்தது. மோரிஸுக்கு 1990-இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்பாடு அவர் பேராசிரியரானதும் அதே எம்.ஐ.டி.யில்தான்!