தவிடு தின்ற கோழியும் மஞ்சள் கருவும்

மாமல்லபுரம் பக்கம் நாட்டுக்கோழி முட்டை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "கரு நல்ல மஞ்சளா இருக்குமா?" என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது.

ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் செங்கல்பட்டுச் சீமையில் வீட்டுக் கோழிக்குத் தவிடும் நொய்யும்தான் போடுவார்கள். மீதியை அது கொல்லையைக் கிளறித் தேடிக்கொள்ளும். தவிட்டின் அருமையை உலகத்துக்குச் சொன்னதும் கோழிகள்தாம்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்குக் கோழி ஆராய்ச்சி என்றால் முதலில் பாஸ்டர்தான் நினைவுக்கு வருவார். கோழிக் காலராக் கிருமியை வைத்து 1879-80இல் தடுப்பூசிக்கு வழி கண்டவர். அந்தக் கிருமி யுகத்தில்தான் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் ஜாவாவில் பெரிபெரி நோய்க்கும் கிருமியைத் தேடினார். அவருடைய கோழிகள், ஊசி போட்டவை, போடாதவை எல்லாமே கால் தள்ளாடி விழுந்தன. பிறகு தாமாகவே தேறின. விசாரித்தால் விஷயம் வேறு. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், "ராணுவத்து அரிசி ராணுவத்துக்கு வெளியே போகக்கூடாது" என்று நிறுத்திவிட்டார். சாதாரண அரிசி கிடைத்ததும் கோழிகள் பிழைத்தன. கோப்பு பார்த்த எனக்கு அந்தச் சமையல்காரரின் விதிமுறைப் பற்று புரிகிறது! ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மாகாணத்திலும் மெக்காரிசன் 1918இல் குன்னூரில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து பின்னால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

தவிட்டில் இருப்பது பி வைட்டமின். கோழி தின்னும் பி வைட்டமின்கள் முட்டைக்கும் போகின்றன. ஆளி விதை போட்டால் கருவில் ஒமேகா-3 கொழுப்பு கூடும். புரதம் மட்டும் தீவனத்தால் அதிகம் மாறுவதில்லை.

நிறத்தின் கதை வேறு. மஞ்சள் சாயத்தைக் கோழியால் தானாக உண்டாக்க முடியாது. மக்காச்சோளம், முருங்கை இலை, அகத்தி, செண்டுமல்லி இதழ் இவற்றிலிருந்துதான் அது வரவேண்டும். சவுண்டல் இலையும் நிறம் தரும். ஆனால் அதில் மைமோசின் என்ற நஞ்சு இருப்பதால் கொஞ்சமாகத்தான் சேர்க்கலாம். நிறம் தரும் லூட்டீன் கண்ணுக்கு நல்லது. ஆனால் அது வைட்டமின் ஏ ஆக மாறாது. இலையில் உள்ள பீட்டா கரோட்டின்தான் மாறும். ஆகவே வெளிறிய கருவிலும் வைட்டமின் ஏ நிறைய இருக்கலாம். செண்டுமல்லிப் பொடி மட்டும் தூவி ஆரஞ்சாக்கிய கருவில் அது குறைவாகவும் இருக்கலாம்.

நம் மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தீவன ஊட்டச்சத்துக்கென்று ஒரு நிலையம் நடத்துகிறது. கோழி வளர்ப்பவர்கள் அங்கே போய்க் கேட்கலாம்.

1989இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். 2010இல் அது வாரத்துக்கு ஐந்து ஆனது. ஏழைப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் நிச்சயமாகக் கிடைக்கும் முட்டை. அதனால், முட்டை வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கோழிக்கு என்ன தீவனம் போட்டார்கள் என்றும் கேளுங்கள்.