ஒரு கொலை, இரண்டு ஆலயங்கள்

1870 ஏப்ரல் 11. மராத்தான் போர்க்களத்தைப் பார்த்துவிட்டு ஏதென்ஸ் நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது ஒரு பயணிகள் குழு. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர்கள். காவலுக்குக் குதிரை வீரர்கள் வந்திருந்தும் பயனில்லை. அர்வானிடாகிஸ் சகோதரர்களின் கொள்ளைக் கூட்டம் வழிமறித்து அத்தனை பேரையும் மலைக்குள் இழுத்துச் சென்றது.

பெண்களையும் குழந்தையையும் கொள்ளையர்கள் விட்டுவிட்டார்கள். மீட்புப் பணத்துக்கு ஏற்பாடு செய்ய ஆண்களில் ஒருவர் போகலாம் என்றார்கள். அந்த வாய்ப்பு பிரெடரிக் வைனர் என்ற 23 வயது இளைஞனுக்குக் கிடைத்ததாகவும், மணமானவர் என்பதால் மன்கஸ்டர் பிரபுவுக்கு அவன் அதை விட்டுக்கொடுத்ததாகவும் சொல்வார்கள். மன்கஸ்டர் ஏதென்ஸ் போய்ச் சேர்ந்தார். வைனருடன் இன்னும் மூவர் பிணைக்கைதிகளாக நின்றார்கள்.

பணத்தைத் திரட்டிவிடலாம். ஆனால், கொள்ளையர்கள் பொதுமன்னிப்பும் கேட்டார்கள். அரசியலமைப்பு இடம் தராது என்று கிரேக்க அரசு மறுத்தது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ராணுவம் நெருங்கியது. ஏப்ரல் 21 அன்று டிலெசி என்ற ஊருக்கு அருகே நால்வரும் கொல்லப்பட்டார்கள்.

செய்தி வந்தபோது லண்டன் கொந்தளித்தது. வைனரின் அக்காள் ஹென்ரியெட்டாவின் கணவர் அப்போது பிரதமர் கிளாட்ஸ்டனின் அமைச்சரவையில் இருந்தார். மைத்துனனைக் காப்பாற்ற அந்தப் பதவியாலும் முடியவில்லை. அவர்தான் பின்னாளில் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்த ரிப்பன் பிரபு.

அழுகையிலிருந்து அஸ்திவாரம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ரிப்பன் என்ற சிறு நகரம் இருக்கிறது. அதற்குத் தென்கிழக்கே நியூபி ஹால் மாளிகை. அங்கே தாய் லேடி மேரி வைனர். மேற்கே ஸ்டட்லி ராயல் பண்ணை. அங்கே மகள் ஹென்ரியெட்டா. இறந்தவனின் நினைவாக இருவரும் தத்தம் நிலத்தில் ஆளுக்கொரு ஆலயம் எழுப்ப முடிவு செய்தார்கள். மீட்புப் பணமாகத் திரட்டி, கொடுக்காமலே போன தொகை இதற்குச் செலவானது என்பது அந்தப் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

விக்டோரியா அரசியின் காலத்தில் (1837–1901) இங்கிலாந்தின் கிராமங்களில் புதிது புதிதாக ஆலயங்கள் எழுந்தன. பழையவை பல புதுப்பிக்கப்பட்டன. பெரும்பாலும் செலவை ஏற்றவர் அந்த ஊரின் நிலப்பிரபு. எந்தப் பாணியில் கட்டுவது என்பதில் அன்று கடும் விவாதம் நடந்தது. கூர்வளைவு கொண்ட கோதிக் பாணியே கிறிஸ்தவத்துக்கு உரியது என்று வாதாடினார் கட்டடக் கலைஞர் பியூஜின். 1839இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஒரு சங்கம், பலிபீடம் இருக்கும் பகுதி மக்கள் அமரும் கூடத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து, அதைவிடச் சிறப்பாக அலங்கரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் இந்த இலக்கணத்தைப் படித்தே வளர்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் வில்லியம் பர்ஜஸ். பிறந்தது 1827, ரிப்பன் பிரபு பிறந்த அதே ஆண்டு. 13ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலையில் ஊறியவர். அயர்லாந்தின் கார்க் நகரப் பேராலயமும் கார்டிஃப் கோட்டையின் ஜொலிக்கும் அறைகளும் அவர் கைவண்ணம். கார்டிஃப் கோட்டையின் அதிபதி பியூட் பிரபு, ஆக்ஸ்ஃபோர்டில் பிரெடரிக் வைனரின் நண்பர். அந்த நட்பே பர்ஜஸை இந்தக் குடும்பத்திடம் கொண்டுவந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. தாயும் மகளும் தேர்ந்தது அவரையே.

தாயின் ஆலயம்

நியூபி ஹால் வளாகத்தில், ஸ்கெல்டன் கிராமத்தை ஒட்டி நிற்கிறது தாய் கட்டிய ஆலயம். 1871இல் வேலை தொடங்கி 1876இல் பிரதிஷ்டை நடந்தது. வழக்கமாக ஒரு புனிதரின் பெயரைச் சூட்டுவார்கள். லேடி மேரியின் ஆலயத்துக்கு வைத்த பெயர் ‘தேற்றும் கிறிஸ்து’. மகனைப் பறிகொடுத்தவள் கடவுளிடம் என்ன கேட்டாள் என்பது பெயரிலேயே இருக்கிறது.

வெளிச்சுவர் சாம்பல் நிறக் கல். உள்ளே நுழைந்தால் வெண்சுண்ணக்கல்லும் பல வண்ணப் பளிங்கும். பீடப்பகுதிக்குச் செல்லும் வளைவின் மேலே கிறிஸ்து விண்ணுக்கு ஏறும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. பர்ஜஸின் நம்பிக்கைக்குரிய சிற்பி தாமஸ் நிக்கல்ஸின் உளி அது. ஜெபிக்க அமர்பவர் தலை நிமிர்ந்தால் கண்ணில் படுவது சிலுவை மரணத்தின் வேதனை அல்ல, மரணத்தை வென்று மேலே போகும் உருவம்.

மகளின் ஆலயம்

ஸ்டட்லி ராயலில் மான்கள் மேயும் பூங்காவுக்கு நடுவே நீண்ட சாலை ஒன்று ஓடுகிறது. இருமருங்கிலும் மரங்கள். சாலையின் ஒரு கோடியில், தொலைவில், ரிப்பன் பேராலயம் தெரியும். மறு கோடியில் கூம்புக் கோபுரத்தோடு நிற்கிறது தூய மரியாள் ஆலயம். 1871இல் தொடங்கி 1878இல் முடிந்தது. மகள் எடுத்துக்கொண்ட கரு, இழந்த ஏதேன் தோட்டமும் மீண்டும் கிடைக்கும் பரலோகமும்.

இந்தக் கருவைச் சொல்ல, கேம்பிரிட்ஜ் சங்கம் வகுத்த இலக்கணத்தையே பர்ஜஸ் கருவியாக்கிக்கொண்டார். மக்கள் அமரும் கூடம் அடக்கமானது. பெரிய அலங்காரம் கிடையாது. அங்கிருந்து பீடப்பகுதிக்குள் காலெடுத்து வைத்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. தரையில் மொசைக். சுவர்களில் வண்ணப் பளிங்கும் அலபாஸ்டரும். மேலே பொன்னும் வண்ணமுமாகத் தேவதூதர் கூட்டம். இரட்டைத் தூண்களைத் தாங்கியபடி இறக்கை முளைத்த சிங்கம் ஒன்று.

ஜன்னல்களின் அருகே போய் நின்று பார்க்க வேண்டும். வெளிச்சுவரில் ஒரு கற்சட்டம். அதில் வண்ணக் கண்ணாடி. சற்று இடைவெளி விட்டு, உள்பக்கம் இன்னொரு கற்சட்டம். அதில் கண்ணாடியே இல்லை, பளிங்குத் தூண்களும் வளைவுகளும் மட்டும். நாம் ஓர் அடி நகர்ந்தால் முன்சட்டம் பின்சட்டத்தின் மேல் விலகி, இதுவரை மறைந்திருந்த கண்ணாடித் துண்டு தெரிகிறது, தெரிந்தது மறைகிறது. வெளிப்படுத்தின விசேஷம் என்ற விவிலிய நூலின் காட்சிகளை இப்படி நடந்து நடந்துதான் பார்த்து முடிக்க முடியும். கற்சட்டத்தைச் செலவு செய்து இரண்டாக்கியது பகட்டுக்காக அல்ல. பரலோகத்தை ஒரே பார்வையில் மனிதக் கண்ணுக்குக் காட்ட முடியாது என்பதைக் கலைஞர் கல்லைக் கொண்டே சொல்லிவிட்டார்.

பழிவாங்கும் எண்ணத்தின் சாயல் இரண்டு ஆலயங்களிலும் இல்லை. பத்திரிகைகள் கிரேக்க நாட்டைத் தூற்றிக்கொண்டிருந்த நாளில் இவர்கள் கொலையாளிகளை மனத்திலிருந்தே நீக்கிவிட்டு ஆறுதலையும் நம்பிக்கையையும் மட்டும் கல்லில் ஏற்றினார்கள். பர்ஜஸின் கலைத்திறனைப் போற்றும் அளவுக்கு இந்தப் பெருந்தன்மையையும் நாம் போற்ற வேண்டும்.

இடையில் ஒரு பிரிவு

ஸ்டட்லியில் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே, 1874இல், ரிப்பன் பிரபு கத்தோலிக்கத்தில் சேர்ந்தார். அதற்காக, ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரத்துவ அமைப்பின் இங்கிலாந்துத் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். அந்தக் காலத்தில் பெரும் அதிர்ச்சி இது. அவரது அரசியல் வாழ்வு இத்தோடு சரி என்று பலரும் எண்ணினார்கள். மனைவி ஆங்கிலிக்க சபையிலேயே இருந்து ஆலயத்தைக் கட்டி முடித்தார். கொள்கை பிரித்தாலும் குடும்பம் பிரியவில்லை. 1907இல் ஹென்ரியெட்டாவும் 1909இல் ரிப்பனும் மறைந்தபோது, கணவரும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டது இதே தூய மரியாள் ஆலயத்தில்தான். வெண்பளிங்கில் இருவரின் உருவங்களும் அங்கே இருக்கின்றன.

பர்ஜஸ் 1881இலேயே காலமாகிவிட்டார். ஸ்கெல்டன் ஆலயம் இன்று பழைய ஆலயங்களைக் காக்கும் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. ஸ்டட்லி ராயல் பூங்கா, அருகிலுள்ள ஃபவுண்டன்ஸ் மடாலய இடிபாடுகளோடு சேர்த்து, 1986இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

அரசியல் வாழ்வு முடிந்தது என்று பிறர் கணக்குப் போட்ட ரிப்பன், 1880இல் இந்தியாவின் வைஸ்ராய் ஆனார். தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டத்தை 1882இல் நீக்கினார். அதே ஆண்டு உள்ளாட்சிக்கு வழி திறந்தார். சென்னை மாநகராட்சியின் வெள்ளை மாளிகைக்கு அவர் பெயர் வந்ததற்கு அதுவே காரணம். சொந்த நாட்டு வெள்ளையர்களே அவரை எதிர்த்துத் திரண்ட இல்பர்ட் மசோதாவின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)