கடல் கடந்த பட்டப்பெயர்கள்: தென்னாப்பிரிக்கத் தமிழரிடைக் குடிப்பெயர்ப் பெருக்கம்

ஒரு குடிப்பெயரை எத்துணைப் பேர் தாங்குகின்றனர், அத்தொகை காலந்தோறும் ஏன் மிகுகின்றது அல்லது குறைகின்றது என்னும் வினா, மக்கட்பெயர் ஆராய்ச்சிக்கு அடிப்படையானது. 1874-ஆம் ஆண்டில் கால்ட்டன், வாட்சன் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் குடிப்பெயர்கள் அற்றுப்போதலைக் கணக்கியல் முறையில் ஆராய்ந்தனர். தந்தைவழி வரும் பெயர், ஆண்மக்கள் இல்லாத கிளைகளில் மறைந்துபோகும். ஆகவே, தொடக்கத்தில் ஒருவரோ இருவரோ தாங்கிய பெயர் எளிதில் அழியும். பலர் தாங்கிய பெயர் நிலைபெறும். இவ்விதி பொதுவானதே. ஆயினும், தொடக்கத்தில் ஒரு பெயரைப் பலரும் மற்றொன்றைச் சிலரும் தாங்கியது எவ்வாறு என்பதற்குக் கணக்கு விடை கூறாது, வரலாறே கூறும். தென்னாப்பிரிக்கத் தமிழர் பெயர்வழக்கு இதற்குத் தக்க சான்றாகும்.

சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற 'துரூரோ' என்னும் கப்பல், 1860 நவம்பர் 16-ஆம் நாள் நேட்டாலின் துறைமுகமாகிய டர்பனை அடைந்தது. 1911 வரை அவ்வாறு சென்றோர் 1,52,184 பேர் ஆவர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையிலிருந்து சென்றோர். கப்பற் பட்டியல்களில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தரப்பெற்றது; அவர் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர், உடற்குறி ஆகியன எழுதப்பெற்றன. குடிப்பெயருக்கெனத் தனி இடம் அப்பட்டியல்களில் இல்லை. அத்தகைய பெயர் தமிழர் வழக்கில் நிலைபெறாமையே அதற்குக் காரணம் என்க.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியோர்க்குப் பிறப்பு, மணம், இறப்பு, நிலவுரிமை ஆகியவற்றின் பதிவேடுகளில் வழிவழி வரும் பெயர் ஒன்று வேண்டியதாயிற்று. அதனை அவர்கள் இருவகையாற் பெற்றனர். சிலர் தந்தையின் இயற்பெயரையே குடிப்பெயராக்கினர். முனிசாமி, பெருமாள், சுப்பிரமணி முதலியன அவ்வாறு நிலைத்தவை. பலர் பட்டப்பெயரை மேற்கொண்டனர். பிள்ளை, நாயுடு, கவுண்டர், முதலியார், படையாட்சி, நாயக்கர் என்பன அவை.

இவ்விரு வழிகளின் விளைவு ஒன்றன்று. இயற்பெயர்கள் எண்ணிறந்தன, பட்டங்களோ சிலவே. இயற்பெயரைக் கொண்டவிடத்துக் குடிப்பெயர்கள் பலவாய்ப் பிரிந்தன. பட்டத்தைக் கொண்டவிடத்து உறவில்லாத பல குடும்பங்கள் ஒரே பெயரின்கீழ்த் திரண்டன. ஆகலின், நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்பவற்றின் திரிபு வடிவங்கள் இன்று அந்நாட்டு இந்திய வழியினரிடைப் பெருவழக்காய் விளங்குகின்றன. இப்பெருக்கம் ஒரு குடி பல்கியதால் வந்ததன்று. பல குடிகள் ஒரு பெயரைக் கொண்டதால் வந்தது.

அங்ஙனமாயின், இப்பெயர்த் தொகையைச் சாதித் தொகையாகக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. தாயகத்தில் ஒரு பட்டத்திற்கு உரியரல்லாதாரும் புதிய நாட்டில் அதனை மேற்கொண்டனர். நாயுடு என்பது தெலுங்கர்க்கும் தமிழர்க்கும் பொதுவாயிற்று. ஆங்கில எழுத்தும் தன் பங்கிற்குப் பெயரைப் பிளந்தது. கவுண்டர் என்னும் ஒரு சொல்லே 'கோவெண்டர்' எனவும் 'கவுண்டன்' எனவும் இரு குடிப்பெயர்களாயிற்று என்பர். எழுத்தரின் செவியும் கையும் ஒரு பெயரின் தொகையை மாற்றவல்லன என்பது இதனாற் புலனாகும்.

பட்டம் குடிப்பெயராய் இறுகிய வகையை ஒரு குடும்பத்தில் தெளிவாகக் காணலாம். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத் துணைவராகிய தம்பி நாயுடு 1875-இல் மொரீசியசில் பிறந்தவர். அவர் மகன் நாரணசாமியும், இராபன் தீவில் சிறையிருந்த பெயரன் இந்திரேசும் நாயுடு என்றே வழங்கப்பெற்றனர். பட்டம் மூன்று தலைமுறை தொடர்ந்து பெயரிறுதியில் நின்றது.

அதே காலத்தில் தாயகத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. ஈ. வெ. ராமசாமி 1927-ஆம் ஆண்டின் இறுதியில் தம் பெயரிலிருந்து நாயக்கர் என்பதை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விடுமாறு வேண்டிற்று. பின்னர்த் தமிழ்நாட்டில் பட்டமின்றித் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிடும் முறையே பெருவழக்காயிற்று. அவ்வெழுத்து தலைமுறைதோறும் மாறுவது. ஆதலின், இம்முறையில் எப்பெயரும் வழிவழியாகத் திரண்டு பெருகுதற்கு இடமில்லை. கடலுக்கு அப்பால் பதிவேடு பட்டத்தைக் காத்தது. இப்பால் சமூக இயக்கம் அதனைக் களைந்தது.

ஆகவே, ஒரு பெயரின் பெருவழக்கு அதனைத் தாங்குவோர் ஒருவழித் தோன்றல்கள் என்பதைக் காட்டாது. அப்பெயர் எப்போது, எவரால், எதற்காக நிலைநிறுத்தப்பெற்றது என்பதையே காட்டும். இது நூலறிவு மட்டும் பற்றியதன்று. தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் முன்னோரின் ஊரைத் தேடுங்கால், குடிப்பெயரை மட்டும் நம்பின் தொடர்பற்ற கூட்டத்தோடு தம்மை இணைத்துக்கொள்ள நேரும். ஊரையும் தந்தை பெயரையும் காட்டுவன கப்பற் பட்டியல்களே. அவற்றைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு ஆராய்தல், தமிழகத்து ஊர்ப்பெயர்களையும் வட்டார வழக்குகளையும் அறிந்தார்க்கே முழுமையாக இயலும். அப்பணி தமிழ் மாணவர்க்கு உரியது.