ஆறுமுகமும் ஒரு கல்லறையும்

எனக்குப் பத்து வயசு இருக்கும். செஞ்சிக்குப் பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில், அர்ஜுனன் தபசு நடக்கிற ராத்திரி. ஆயாவின் மடியில் தூங்கி எழுந்து பார்த்தால் அர்ஜுனன் ஆள் மாறியிருந்தான். பத்து மணிக்கு ஆடியவர் ஒல்லி, கட்டைக் குரல். இப்போது தபசு மரத்தடியில் நிற்கிறவர் தொப்பையும் தொடையுமாக இருக்கிறார். ஆயாவை உலுக்கிக் கேட்டேன். "அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சி, இவுரு ஏர்றாரு" என்றாள். "அப்ப இவரு வேற அர்ஜுனனா?" "வேற ஆளுடா. அர்ஜுனன் ஒருத்தன்தான்."

கூட்டத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கிரீடம் அதே கிரீடம், புஜக்கட்டை அதே புஜக்கட்டை. இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடிக்கொண்டே வேஷம் வந்தது. கட்டியக்காரன் நீ யார் என்று கேட்டான். வேஷம் தன் பேரைச் சொன்னது. அவ்வளவுதான், அர்ஜுனன் வந்துவிட்டான்.

இந்த ராத்திரி திரும்ப ஞாபகம் வந்தது பொறியியல் கல்லூரி விடுதியில். எவனோ ஒருவனின் ஹார்ட் டிஸ்க்கில் ஜேம்ஸ் பாண்ட் படங்கள் வருஷ வரிசையில் இருந்தன. செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகாமல் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன். முதல் படமான 'டாக்டர் நோ' 1962இல் வந்தது. சூதாட்ட மேஜையில் எதிரே சிவப்பு உடையில் ஒரு பெண். பாண்ட் அவள் பேரைக் கேட்கிறான். முதலில் குடும்பப் பேர், ஒரு இடைவெளி, பிறகு முழுப் பேர் என்று அவள் சொல்கிறாள்: ட்ரெஞ்ச், சில்வியா ட்ரெஞ்ச். பிறகு அவள் அவன் பேரைக் கேட்க, அதே தாளத்தில் அவன் திருப்பிச் சொல்கிறான். அறுபது வருஷமாக உலகம் முழுக்கப் பையன்கள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்க்கிற வசனம் அது. அந்தத் தாளம் அவள் போட்டது. கட்டியக்காரன் வேலையைச் செய்தது ஒரு பெண்.

சில்வியாவாக நடித்தவர் யூனிஸ் கேசன். பாண்டின் நிரந்தரக் காதலியாகப் படத்துக்குப் படம் வருவதாக ஏற்பாடு. இரண்டாவது படத்திலும் வந்தார். மூன்றாவதில் காணோம். ஏன் போனாள், எங்கே போனாள் என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'டாக்டர் நோ'வில் நாம் கேட்பது கேசனின் குரலே இல்லை. நிக்கி வான் டெர் ஸில் என்ற டப்பிங் கலைஞரின் குரல். கடலிலிருந்து எழுந்து வருகிற உர்சுலா ஆண்ட்ரெஸ்ஸுக்கும் அதே குரல்தான். 1965இல் 'தண்டர்பால்' கிளாடின் ஓஜேவுக்கும் அவரே பேசினார். ஆக, ஆண் பக்கம் ஒரு பேருக்குப் பல முகம். பெண் பக்கம் பல முகத்துக்கு ஒரு குரல். அந்தக் குரலின் பேர் திரையில் வரவும் இல்லை.

ஷான் கானரி ஐந்து படம் நடித்துவிட்டுப் போதும் என்று கிளம்பினார். அங்கேதான் நிஜமான சிக்கல். அடுத்த ஆளை எப்படி நம்ப வைப்பது? ஜார்ஜ் லேசன்பி ஆஸ்திரேலியர், விளம்பர மாடல், சினிமா அனுபவம் கிட்டத்தட்ட பூஜ்யம். அவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கானரிக்குத் தைத்த தையல்காரரிடம் போய் சூட் வாங்கினார், கானரிக்கு முடிவெட்டியவரிடம் போய் முடிவெட்டிக்கொண்டார், பிறகு தயாரிப்பாளர்களைப் பார்க்கப் போனார். நடிப்பு அப்புறம், முதலில் கிரீடத்தையும் கட்டையையும் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்திருக்கிறார். எங்கள் ஊர்க் கூத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் இதில் என்ன அதிசயம் என்பார்கள்.

அவர் நடித்த ஒரே பாண்ட் படம் 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' (1969). இயக்குநர் பீட்டர் ஹண்ட், முந்தைய பாண்ட் படங்களின் எடிட்டர். இதில்தான் பாண்ட் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். மணப்பெண் ட்ரேஸி, நடித்தவர் டயானா ரிக். கல்யாணம் முடிந்து பூ சுற்றிய காரில் போகும்போது சாலையோரம் நிறுத்துகிறார்கள். எதிரிகள் சுட்டுவிட்டுப் போகிறார்கள். அவள் நெற்றியில் குண்டு. அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் இவள் ஓய்வெடுக்கிறாள், அவசரம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி பாண்ட் பேசுவதோடு படம் முடிகிறது. ஹாஸ்டல் ரூமில் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

இந்த முடிவுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் கல்யாணக் காரோடு படத்தைச் சந்தோஷமாக முடித்துவிட்டு, கொலையை அடுத்த படத்தின் தொடக்கத்தில் வைப்பதாகத்தான் யோசனை. ஒரு படத்தோடு விலகுவதாக லேசன்பி முடிவெடுத்ததும் அந்த யோசனை போனது. நடிகர் போகிறார், அதனால் மனைவி இந்தப் படத்திலேயே சாகவேண்டியதாயிற்று. ஆள் மாற்றத்துக்கான விலையை அவள் கட்டினாள்.

1971இல் கானரி பெரிய சம்பளத்துக்குத் திரும்பி வந்தார். 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' ஆரம்பத்தில் எதிரியைத் தேடி ஆவேசமாக அலைகிறான் பாண்ட். எதற்கு ஆவேசம் என்று படம் சொல்லவில்லை, ட்ரேஸியின் பேரே வரவில்லை. கானரி அவளைச் சந்தித்ததே இல்லையே! 1973இல் ரோஜர் மூர் வந்தார். 1977இல் 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ'யில் ரஷ்ய உளவாளிப் பெண் ஒருத்தி அவனுடைய ஜாதகத்தை ஒப்பிக்கிறாள். ஒரு முறை கல்யாணம் ஆனது என்று ஆரம்பித்ததும் மூரின் முகம் மாறுகிறது, பேச்சை வெட்டிவிடுகிறார். எப்போதும் புருவத்தைத் தூக்கிக் கிண்டலாக வசனம் பேசும் மூர் எனக்கு முதல்முறையாக மனுஷனாகத் தெரிந்தது அந்த நிமிஷத்தில்தான்.

1981இல் மூர் தொடர்வாரா என்பது சந்தேகமாக இருந்தது. புது ஆள் வந்தாலும் வரலாம். அப்படி வந்தால் இவனும் அதே ஆள்தான் என்று காட்ட ஒரு முதல் காட்சி தேவை. எதை வைத்துக் காட்டுவது? துப்பாக்கி யார் கையிலும் இருக்கும், மதுக்கோப்பையும் அப்படியே. 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'க்கு அவர்கள் எழுதியது ஒரு கல்லறைக் காட்சி. தெரஸா பாண்ட், 1943–1969 என்று கல்லில் எழுதியிருக்கிறது. பாண்ட் பூ வைக்கிறான். கடைசியில் மூரே நடித்தார் என்பது வேறு விஷயம். ஆனால் தொடரை உருவாக்கியவர்களே அடையாள அட்டையாகத் தேர்ந்தெடுத்தது செத்த மனைவியைத்தான். நான் வேலை பார்க்கிற துறையில் இதை ப்ரைமரி கீ என்போம்: வரிசையில் வேறு எது மாறினாலும் அது மாறக்கூடாது.

அதே படத்தில் லிஸல் என்கிற சின்ன வேடத்தில் வந்து கடற்கரையில் செத்துப்போகிறவர் கசாண்ட்ரா ஹாரிஸ். பியர்ஸ் பிராஸ்னனின் மனைவி. 1986இல் பிராஸ்னனுக்கே பாண்ட் வேடம் கிட்டத்தட்ட உறுதியாகி, தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் கைநழுவி, டிமோதி டால்டனுக்குப் போனது. கசாண்ட்ரா 1991இல் புற்றுநோயில் இறந்தார். 1995இல் 'கோல்டன்ஐ' வந்தபோது பிராஸ்னன் நிஜமாகவே மனைவியை இழந்த பாண்ட். அவர் படங்களில் ட்ரேஸியைப் பற்றி லேசாகக் கோடிகாட்டுவதோடு சரி. ஆனாலும் ஹாரிஸ் பற்றித் தெரிந்த பிறகு அவரை என்னால் பழைய மாதிரி பார்க்க முடிந்ததில்லை.

நம் ஊர் பாண்ட் படங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) எதுவானாலும் ஜெய்சங்கர் ஜெய்சங்கர்தான். 'ரகசிய போலீஸ் 115'க்கு (1968) எம்.ஜி.ஆர். நடிக்காத இரண்டாம் பாகம் என்று ஒன்றைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. கூத்து வேஷத்தைக் கும்பிட்டது, சினிமா ஆளைக் கும்பிட்டது. எங்கள் செஞ்சி ராஜா தேசிங்கே 1960இல் சினிமாவுக்குப் போனபோது எம்.ஜி.ஆருக்கு அதில் இரட்டை வேடம். ஒரு வேஷத்துக்கு இரண்டு ஆள் பார்த்த ஊரின் கதையில் இரண்டு வேஷத்துக்கு ஒரே ஆள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. 'சி.ஐ.டி. சங்கர்' முடிந்ததும் ஜெய்சங்கர் அடுத்த வேஷத்துக்குப் போய்விட்டார். உடன் நடித்த ஏ. சகுந்தலாதான் கடைசிவரை 'சி.ஐ.டி.' சகுந்தலாவாக இருந்தார்.

தேசிங்கு கதையிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. ஆற்காடு நவாபை எதிர்த்து 1714இல் போரில் செத்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயசுதான். அவனைப் பாட்டில் பாடினார்கள், மேடையில் ஆடினார்கள், திரையில் காட்டினார்கள். உடன்கட்டை ஏறிய ராணியை யாரும் அப்படிக் கொண்டாடவில்லை. அவள் ஞாபகமாக நவாபே ராணிப்பேட்டைக்குப் பேர் வைத்தார் என்பார்கள். கோட்டைக்குள் செட்டிக்குளத்தின் கரையில் ஒரு மேடை இருக்கிறது, அங்கேதான் சிதை மூட்டினார்கள் என்று காட்டுவார்கள். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்த பிறகு கூட்டம் அதிகம். எல்லோரும் ராஜகிரி ஏறுவதில் குறியாக இருக்கிறார்கள். குளத்துப் பக்கம் வருகிறவர்கள் குறைவு.

டேனியல் கிரெய்க் வந்த 2006இல் கணக்கை அழித்துப் புதிதாக ஆரம்பித்தார்கள். 'கசினோ ராயல்' பாண்டுக்குப் பழசு எதுவும் கிடையாது, ட்ரேஸியும் கிடையாது. இடம் காலியாக இருக்கக்கூடாதே! வெஸ்பர் வந்தாள், தண்ணீரில் மூழ்கிச் செத்தாள். இயன் ஃபிளெமிங்கின் 1953 நாவலிலேயே அவளுக்கு மரணம்தான். 2021இல் 'நோ டைம் டு டை'யில் மாட்டெரா ஊரில் வெஸ்பரின் கல்லறைக்கு பாண்ட் போகிறான். கடைசியில் அவனே சாகிறான், காதலி மேடலினும் மகளும் பிழைக்கிறார்கள். அப்போது ஒலிப்பது 1969இல் ட்ரேஸிக்காக லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பாடிய பாட்டு. இந்த பாண்டுக்கு அவளைத் தெரியாது, பாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பெண்ணைச் சாகவிடாமல் அனுப்ப அவர்களுக்கு இருபத்தைந்து படம் பிடித்தது.

ஆயா இருந்தபோது ஒரு பொங்கல் லீவில் லேப்டாப்பில் அந்த 1969 படத்தின் கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். மொழி தெரியாது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "அந்தப் பொண்ணுக்கு இவன் காரியம் பண்ணானா?" என்றாள்.

"அடுத்த படத்துல அவளைப் பத்திப் பேச்சே இல்ல ஆயா. பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தன் சமாதிக்குப் பூ வெக்கிறான். ஆனா அவன் வேற ஆளு."

"ஆளு வேறன்னா? வேஷம் அதானே?"

"அதேதான்."

"பின்ன என்ன. லேட்டாயிப்போச்சி, அவ்ளோதான்." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "என்னா பூ வெச்சான்?"

எனக்குத் தெரியவில்லை. படத்தைத் தேடி எடுத்து, நிறுத்திப் பார்த்தேன். ரோஜா.