தென்னஞ்சாராயம்

தென்னங்கள்ளைக் காய்ச்சி வடிக்கும் இலங்கை மது. புத்தளம் மாவட்டம், குருநாகல், கம்பஹாவுடன் சேர்ந்து தென்னை முக்கோணம் எனப்படுகிறது.

விரியாத பாளையைச் சீவிக் கட்டிய முட்டியில் சொட்டும் சாறு, காற்றிலுள்ள நொதியங்களால் சில மணி நேரத்திலேயே கள்ளாகும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது. இனிப்பான கருப்பநீராகவே நிற்கும். களுத்துறைக் கரையில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதன்மேல் நடந்தே கள் சேர்ப்பார்கள். உயிரைப் பணயம் வைக்கும் அருந்திறன் அது.

வடித்த சாராயம் ஹல்மில்ல மரப்பீப்பாயில் முதிரும். கரும்புப்பாகுக் கழிவிலிருந்து எடுத்த மதுசாரம் சேர்த்த மலிவான கலவையும் உண்டு. பிரான்சின் கோட் ரோட்டி வைனில் சிரா என்னும் கருந்திராட்சையுடன் 20 விழுக்காடு வரை வியோனியே என்னும் வெள்ளைத் திராட்சை சேர்ப்பது மணத்துக்காக. இங்கே கலப்பது பெரும்பாலும் விலைக்காக. கலக்காத பழைய சாராயமே சுவையில் உயர்ந்தது.