காற்றுக்கு வழியில்லாத வீடுகள்

1991 கோடையில் என் அம்மாவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "காத்தோட்டமான ரூம்ல படுக்க வைங்க, ஜன்னல தொறந்து வைங்க" என்று சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அம்மா கேட்டாள்: "எந்த ஜன்னலுப்பா?"

நாங்கள் இருந்தது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காலனியில். அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை, மூலையில் அடுப்பு. முன்பக்கம் ஒரு கதவு, அதை ஒட்டி இரண்டுக்கு மூன்றடியில் ஒரு ஜன்னல். மற்ற மூன்று பக்கமும் அடைத்த சுவர். அதற்குள் ஆறு பேர். அம்மா ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினாள். அடுத்த வருஷம் என் தம்பி இருமத் தொடங்கினான்.

நம்முடைய வரலாற்றை எழுதும்போது நாம் நிலத்தை எழுதுகிறோம், கிணற்றை எழுதுகிறோம், கோயில் வாசலையும் சுடுகாட்டுப் பாதையையும் எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் வீட்டுக்குள் நாம் சுவாசித்த காற்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது சாதியின் வரலாறுதான். எனக்குத் தெரிந்த மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஜன்னல் என்பது போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல். அதற்கு முன்பே தமிழில் சாளரம் என்றும் காலதர் என்றும் சொற்கள் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் வீட்டுக்குள் காற்று வர வேண்டும் என்ற அறிவு இந்த மண்ணில் பழசு. முற்றம் வைத்த வீடுகளைப் பாருங்கள். சூடான காற்று முற்றத்து வழியாக மேலேறிப் போகும், திண்ணைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். தெரியாததனால் நமக்கு இல்லாமல் போகவில்லை. தெரிந்தவர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்டார்கள்.

என் ஆயா பிறந்த குடிசையைப் பற்றிச் சொல்லும். மண் சுவர், பனையோலைக் கூரை, குனிந்து நுழையும் வாசல், ஜன்னல் கிடையாது. "ஏன் ஆயா, செவுத்துல ஒரு ஓட்டை வுடக் கூடாதா?" என்று சின்ன வயதில் கேட்டேன். "செவுரு நம்முதா? மண்ணு நம்முதா? நாளைக்கே போடின்னா போவணும். இதுல ஜன்னலு வேற வெப்பாங்களா?" என்றது. ஓடு போட்டால் ஊர்க்காரர்கள் பிரித்துப் போடுவார்கள் என்றும் சொல்லியிருக்கிறது.

ஆயா சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லாவில் குடியிருக்கும் மனையின் மீதும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். பண்ணையை விட்டுப் போனால் குடிசையையும் விட்டுப் போக வேண்டும். கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய குறிப்பிலிருந்துதான் 1892இன் பஞ்சமி நில ஆணை பிறந்தது. மனைக்கான போராட்டம் அதற்குப் பிறகும் நீண்டது. பண்ணையார் நிலத்தில் குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்ற குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. அதாவது சுதந்திரம் வந்து 24 வருஷம் கழித்து. நாளைக்கு நிற்குமா என்று தெரியாத சுவரை யாரும் கனமாக எழுப்ப மாட்டார்கள். கனமில்லாத மண் சுவரில் ஜன்னல் நிற்காது. பட்டா இல்லாததுதான் ஜன்னல் இல்லாததற்கு முதல் காரணம்.

குடிசையைப் புகழவும் நான் தயாரில்லை. ஓலை அடுக்குகளுக்குள் காற்று தங்கியிருப்பதால் வெயில் சுலபத்தில் உள்ளே இறங்காது, குளுமையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதே கூரைக்குக் கீழேதான் விறகடுப்பு. புகை ஓலை இடுக்கு வழியாகக் கசிந்து போவதற்குள் ஆயாவின் நெஞ்சுக்குள் போய்விடும். புகை பட்டால் ஓலையில் பூச்சி பிடிக்காது என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் விறகுப் புகையை அளந்து கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, சமைக்கும் பெண்தான் அதிகப் புகையைச் சுவாசிக்கிறாள் என்று காட்டியது. கூரை குளுமை, அடுப்பு நஞ்சு. இரண்டும் சேர்ந்ததுதான் நம் குடிசை.

பிறகு ஏன் நாம் கான்கிரீட் கேட்டோம்? வசதிக்கு மட்டும் கேட்கவில்லை, நெருப்புக்குப் பயந்து கேட்டோம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு சின்னக் குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதல் நோக்கமே ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டுவதுதான். தீப்பிடிக்காத வீடு! நமக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு வீடு தேவைப்பட்டது என்று அந்தப் பெயரே சொல்லும். 1987 சாலை மறியலின்போது வட மாவட்டங்களில் நம் குடிசைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள், ஓலையை விட்டால் போதும் என்றுதான் நினைத்தோம். கான்கிரீட்டும் காப்பாற்றாது என்பதை 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி காட்டியது. சுவர் நின்றது, உள்ளே இருந்ததெல்லாம் சாம்பலானது.

எங்கள் காலனியைக் கட்டியது வேறொரு துறை. பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் அதே கதைதான். என் தாய்மாமா கொத்தனார். சென்னையில் எத்தனையோ பங்களாவுக்குத் தளம் போட்டவர். எங்கள் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காசு இருக்கறவன் வூட்டுல தளத்து மேல செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு இடிச்சி, தட்டோடு பதிப்போம். வெயிலு அதுலயே நின்னுடும். உங்களுக்கு வெறும் சிமெண்டு பூசி வுட்டுட்டானுங்க."

நாலைந்து அங்குலக் கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும். சாயங்காலம் ஆனதும் குடித்ததையெல்லாம் உள்ளே விடும். நாம் வேலை முடித்து வீடு திரும்பும் நேரம் அதுதான். தளம் உடம்பைவிடச் சூடாக இருந்தால், அடுப்புப் பக்கத்தில் படுத்த மாதிரி சூடு நேராக உடம்பில் இறங்கும். ஃபேன் போட்டால் அந்தக் கொதிக்கிற காற்றே கீழே வரும். எதிர்ச்சுவரில் திறப்பு இருந்தால் அந்தச் சூடு ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும். ஒரே பக்கம் ஜன்னல் வைத்தால் எங்கே போகும்? இராத்திரியும் ஆறாத உடம்புக்குத் தூக்கம் இல்லை, இதயத்துக்கும் வேலை கூடுதல். ஆம்பளைகள் தெருவில் பாய் போட்டுப் படுத்துவிடுவோம். அக்காவும் அம்மாவும் கதவையும் சாத்திக்கொண்டு உள்ளேதான் கிடந்தார்கள். ஊர்ப் பையன்கள் வந்து போகிற தெருவில் வயசுப் பெண் எப்படிப் படுப்பாள்? வீட்டுக்குள் இருக்கும் சூட்டை முழுசாக அனுபவித்தவர்கள் பெண்கள்.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாதா? 1970இல் முதலில் வெளிவந்து, பிறகு திருத்தப்பட்டு வரும் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் உள்ள பகுதியில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் அறை 120 சதுர அடி. வேண்டியது 20 சதுர அடி, இருந்தது 6. அதே தொகுப்பில் குறைந்த வருமானக்காரர் குடியிருப்புக்கு அளவுகளைத் தளர்த்தும் தனி விதிகளும் உண்டு. ஏழையின் நுரையீரல் சிறிசு என்று எந்த டாக்டர் சொன்னார்?

காசநோய்க்குத் திரும்பி வருகிறேன். 1928இல் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியபோது அங்கே வைத்தியமே காற்றும் வெளிச்சமும் ஓய்வும் சாப்பாடும்தான். 1956இல் சென்னையில் ஒரு பெரிய பரிசோதனை ஆரம்பித்தார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை, மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே மாத்திரை. 1959இல் முடிவு வந்தது. நெருக்கடியான வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகமே அந்த முடிவை ஏற்றது. இலட்சக்கணக்கான ஏழைகள் உயிர் பிழைத்தார்கள், என் அம்மாவும் ஒருத்தி. அந்த விஞ்ஞானிகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாத்திரை நோயைத்தான் குணமாக்கும், அறையை மாற்றாது. மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில், நோய் இன்னதென்று தெரியாமல் இருமிய நாட்களில், அடைத்த அறையின் காற்றில் கிருமி தங்கியிருக்கும். என் தம்பிக்கு அப்படித்தான் வந்திருக்கும். வீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அந்த முடிவு சொல்லவில்லை. திட்டம் போட்டவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள்.

நம் சனங்கள் பிழைக்கப் போன பம்பாயிலும் இதே கதை நடந்தது. 1896 பிளேக்குக்குப் பிறகு அங்கே நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. கட்டிடத்துக்குக் கட்டிடம், எதிர்க்கட்டிட உயரத்தில் பாதியாவது இடைவெளி கிடைக்கும்படி ஒரு கோண விதி வைத்தார்கள், 63½ பாகை. பாபாசாகேப் அம்பேத்கர் பல ஆண்டுகள் குடியிருந்தது பரேலில் அந்த டிரஸ்ட் கட்டிய சாலில்தான். நூறு வருஷம் கழித்து அதே நகரத்தில், குடிசைகளை அகற்றி மறுகுடியமர்த்திய அடுக்குமாடிகளைச் சில மீட்டர் இடைவெளியில் நிறுத்தினார்கள். 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் குடியிருப்புகளில் வெளிச்சமும் காற்றும் குறைந்த வீடுகளில் காசநோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது.

சென்னையிலும் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைச் சனங்களைப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். எத்தனை வீடு, எத்தனை கோடி என்று பேசுகிறோம். எத்தனை ஜன்னல் என்று யார் கேட்டோம்?

தம்பிக்கும் குணமான பிறகு மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை உளியும் சுத்தியலுமாக வந்தார். சர்க்கார் வீட்டை இடிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் பயந்தார். "வீடு யாருது? வுடு" என்று சொல்லிப் பின்சுவரில் மூன்றடிக்கு மூன்றடி உடைத்துப் பழைய மரச்சட்டம் ஒன்றைப் பொருத்தினார். தளத்தில் சுண்ணாம்பு அடித்தோம், வெள்ளை பட்டால் வெயில் திரும்பிப் போகும். அன்றைக்கு இராத்திரி அம்மா அந்த ஜன்னலுக்குக் கீழே படுத்தாள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டுதான் படுத்தாள், ஆனாலும் தூங்கினாள். அடுத்த கோடைக்குள் எங்கள் வரிசையில் ஏழு வீட்டில் பின்சுவர் உடைந்தது.

இதைப் படிக்கும் தோழர்கள் அவரவர் காலனியில் ஓர் அளவு நாடாவோடு இறங்குங்கள். வாசல் உயரம், தளத்தின் உயரம், ஜன்னல் எத்தனை, எந்தச் சுவரில், பக்கத்துச் சுவர் எத்தனை அடி, அடுப்பு எங்கே, இராத்திரி யார் எங்கே படுக்கிறார்கள் என்று எழுதுங்கள். அடுத்த முறை வீடு கேட்டு மனு கொடுக்கும்போது சதுர அடியோடு ஜன்னலையும் சேர்த்துக் கேட்போம்.